ஐந்து ஏக்கர் குடும்பப் பண்ணையம்: தொடங்குவது முதல் கைமாற்றுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் கையில் இருக்கும் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சிறு, குறு விவசாயிகள்தான். இவர்களில் பெரும்பாலோர் நடத்துவது குடும்பப் பண்ணையம். நிலமும் குடும்பத்துடையது, முடிவெடுப்பதும் குடும்பம், வேலையில் பெரும்பகுதியும் குடும்பத்தின் கைகளால்தான் நடக்கிறது.

இந்த வழிகாட்டிக்கு உடுமலை, தாராபுரம், பொள்ளாச்சி வட்டாரத்தில் கிணறோ போர்வெல்லோ உள்ள ஐந்து ஏக்கர் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு ஏக்கர் தென்னை, ஒரு ஏக்கர் காய்கறி, அரை ஏக்கர் பசுந்தீவனம், ஒரு ஏக்கர் மானாவாரி மக்காச்சோளம், மீதி அரை ஏக்கரில் வீடு, கட்டுத்தறி, எருக்குழி, பாதை. உங்கள் நிலம் டெல்டாவிலோ தேனியிலோ இருந்தால் பயிர் மாறும். செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை பெரிதாக மாறாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன பயிர் வைக்கலாம் என்று கேட்டுத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். பணம் எந்த மாதம், எந்தத் தேதியில் வீட்டுக்குள் வரும்? வீட்டில் யாருடைய உழைப்பு எதில் போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த குடும்பம் சுமாரான பயிரை வைத்தும் நிற்கிறது. தெரியாத குடும்பம் நல்ல விலை கிடைத்த வருடத்திலும் கடனில்தான் இருக்கிறது.

முதல் படி: குடும்பமும் காகிதமும்

நிலத்தில் ஒரு ரூபாய் போடுவதற்கு முன் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி, கல்யாணமாகிப் போன அக்கா, தங்கை உட்பட எல்லோரையும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. 2005-இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. "பொண்ணுங்க எங்க கேக்கப் போறாங்க" என்று விட்டுவைத்த தோட்டங்கள்தான் பிறகு கோர்ட்டில் கிடக்கின்றன. அக்காவின் பங்கை இப்போது வாங்கிக்கொள்கிறீர்களா, குத்தகையாக வருடம் இவ்வளவு என்று கொடுக்கப் போகிறீர்களா, எதுவானாலும் எழுதிவையுங்கள். அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது சேர்ந்தால்தான் நீங்களும் நிம்மதியாக மரம் நடலாம்.

அப்புறம் ஆவணங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, கூட்டுப் பட்டாவா தனிப் பட்டாவா என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்று வாங்கி மாற்றுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் பாகப் பத்திரம் பதிவு செய்து, சர்வேயரை வைத்து உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்கிவிடுங்கள். புலப்படத்தில், அதாவது நிலத்தின் சர்வே வரைபடத்தில், உள்ள அளவும் வயலில் வேலி நிற்கும் இடமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். வில்லங்கச் சான்று ஒன்று எடுங்கள். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமப் பதிவேடான அடங்கலில் நீங்கள் உண்மையில் வைத்திருக்கும் பயிர்தான் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு பட்டத்திலும் (பயிர்ப் பருவத்திலும்) கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். பயிர்க் கடன், காப்பீடு, நிவாரணம் எல்லாம் அந்த ஒரு வரியை வைத்துத்தான்.

மூன்று விஷயங்கள் பாகப் பத்திரங்களில் அடிக்கடி விட்டுப்போகின்றன: கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, மின் இணைப்பு யார் பெயரில், தடம் எத்தனை அடி அகலம். அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கும்போது இவை எதுவும் தேவைப்படாது. அவர்கள் பிள்ளைகள் காலத்தில் தேவைப்படும். டிராக்டரும் தேங்காய் லாரியும் திரும்பும் அளவுக்குத் தடத்தின் அகலத்தை அடிக்கணக்கில் எழுதுங்கள்.

இரண்டாம் படி: சித்திரையில் தண்ணீரை அளப்பது

ஐப்பசி மழைக்குப் பிறகு போர்வெல்லைப் பார்த்துவிட்டுப் பயிர்த் திட்டம் போடக் கூடாது. ஏப்ரல், மே மாதத்தில், மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு அளக்க வேண்டும். ஒரு 200 லிட்டர் டிரம்மைக் குழாயின் கீழ் வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிடம் ஆனால் மணிக்கு 6,000 லிட்டர்.

இனி தேவையைக் கணக்கிடுவோம். சொட்டுநீரில் காய்க்கும் தென்னைக்குக் கோடையில் மரத்துக்கு நாளைக்குச் சுமார் 65 லிட்டர் வேண்டும். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், இரண்டு ஏக்கருக்கு 140 மரம். ஆக, சுமார் 9,100 லிட்டர். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 4,000 லிட்டர் தேவை. தீவனப் புல்லுக்குக் கோடையில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்றால் அரை ஏக்கருக்கு 10,000 லிட்டர். காய்கறி ஒரு ஏக்கருக்குச் சொட்டுநீரில் 4 மில்லிமீட்டர், 16,000 லிட்டர். மொத்தம் 35,000 லிட்டர். மணிக்கு 6,000 லிட்டர் தரும் போர்வெல் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஓட வேண்டும். உங்கள் போர்வெல் மூன்று மணி நேரத்தில் காற்றை இழுக்கிறது என்றால் கோடைக் காய்கறியை இப்போதே காகிதத்திலிருந்து அடித்துவிடுங்கள். தென்னையையும் புல்லையும் காப்பாற்றினால் போதும். இன்னொரு போர் போடுவது கடைசி யோசனையாக இருக்கட்டும். எங்கள் பக்கம் குடும்பங்களை நிமிர முடியாமல் அடித்த செலவுகளில் முதலிடம் தண்ணீர் வராத போர்வெல்லுக்குத்தான்.

பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் இருப்பவர்களுக்கு நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்துத்தான் தண்ணீர் வருகிறது. உங்கள் மண்டலத்துக்கு எந்த வருடம், எந்த மாதம் என்பதையும் இதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் அமைக்க 100 சதவீத மானியம் உண்டு, மற்றவர்களுக்கு 75 சதவீதம். வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்கி வைத்துக்கொண்டு தோட்டக்கலைத் துறையில் பதியுங்கள். மானியத்தில் போட்டதுதானே என்று வடிகட்டியைக் கழுவாமல் விட்டால் இரண்டே வருடத்தில் பாதி சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியைக் கழுவுவதற்கு வாரத்தில் ஒரு கிழமையை முடிவுசெய்து வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வரப்போரம், மர நிழல், எரு கொட்டிய இடம், வாய்க்கால் ஓரம் எல்லாம் வேண்டாம். வயலில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடம் தேர்ந்தெடுங்கள். மேலே கிடக்கும் சருகைக் கையால் ஒதுக்குங்கள், மண்ணைச் சுரண்டாதீர்கள். மண்வெட்டியால் ஆங்கில 'வி' எழுத்துபோல அரை அடி ஆழத்துக்கு வெட்டி அந்த மண்ணை வெளியே போட்டுவிட்டு, குழியின் ஒரு பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் கனத்துக்குச் சீவி எடுங்கள். எல்லா இடத்து மண்ணையும் சுத்தமான தாளில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ வரும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள். உரச்சாக்கில் மட்டும் போடாதீர்கள், பரிசோதனை முடிவே மாறிவிடும். தென்னந்தோப்புக்கும் காய்கறி வயலுக்கும் தனித்தனி மாதிரி. கூடவே ஒரு பாட்டில் போர்வெல் தண்ணீரும் கொடுங்கள். உப்புத் தண்ணீர் என்று தெரிந்தால் பாதிப் பயிர்களைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

மூன்றாம் படி: பணம் வரும் நாட்காட்டி

ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதுங்கள். மேலே வீட்டுச் செலவு: மளிகை, பள்ளிக் கட்டணம், பால் சங்கத்தில் பிடிக்கும் தீவனப் பணம், கடன் தவணை, ஊர்ப் பொங்கல், சீர். கீழே வருமானம். பால் பணம் வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை. தேங்காய் 45 நாளுக்கு ஒரு வெட்டு, வருடத்துக்கு எட்டு. சின்ன வெங்காயம் நட்டு 65 முதல் 70 நாளில். மக்காச்சோளம் வருடத்தில் ஒருமுறை. ஆடு, கோழி கைச்செலவுக்கு.

ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு எதிரே வருமானம் காலியாக இருந்தால், அந்தத் தொகை வட்டிக்கடையிலிருந்துதான் வரப்போகிறது. அதை இன்றைக்கே பார்த்துவிட்டால் ஒரு வெள்ளாட்டுக் கிடாயை அந்த மாதத்துக்கு வைத்திருக்கலாம், வெங்காய நடவைப் பத்து நாள் முன்னால் தள்ளலாம். பயிரைத் தேர்ந்தெடுக்கும் நேரம் இப்போதுதான் வருகிறது.

நான்காம் படி: கறவை மாடு, உண்மையான கணக்கோடு

குடும்பப் பண்ணையத்தைத் தாங்கும் தூண் மாடுதான், அதனால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன். மூன்று கலப்பினப் பசு. சராசரியாக இரண்டு கறவையில், ஒன்று வற்றுக்காலத்தில். விற்கும் பால் நாளைக்கு 18 லிட்டர், லிட்டர் 36 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரவு 648 ரூபாய்.

தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த அடர்தீவனத்துக்கான பொது விதி, உடலைப் பேண ஒன்றரைக் கிலோ, அதன்மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. ஒன்பது லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வற்றிய மாட்டுக்கு இரண்டு கிலோ. மூன்றுக்கும் சேர்த்து 12 கிலோ, கிலோ 30 ரூபாய் என்றால் 360 ரூபாய். சோளத்தட்டு, வைக்கோல் 60. தாது உப்பு, மருத்துவம், சினை ஊசி 30. மிச்சம் 198 ரூபாய்.

இப்போது வேலை. விடியற்காலை கறவை, சாணி அள்ளுவது, புல் அறுப்பது, தண்ணீர் காட்டுவது, சாயங்காலக் கறவை, சங்கத்துக்குப் பால் கொண்டுபோவது என்று நாளைக்கு ஐந்து மணி நேரம் குறையாமல் ஆகிறது. பெரும்பாலும் அதைச் செய்வது வீட்டுப் பெண்கள். ஆறு மணி நேரக் கூலி 400 ரூபாய் என்றால் அந்த ஐந்து மணி நேரத்தின் விலை 330 ரூபாய்க்கு மேல். ஆக, கைக்கு 198 ரூபாய் லாபமாகத் தெரியும் மாடு, அம்மாவின் உழைப்பைக் கணக்கில் சேர்த்தால் நாளைக்கு 130 ரூபாய்க்கு மேல் நஷ்டம். இந்தக் கணக்கைப் போடாமல் "பால் பணத்துலதான் வீடு ஓடுது" என்று சொல்வது அந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம். மாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. சாணமும் கன்றும் இருக்கின்றன, தோட்டத்து எருச்செலவு குறைகிறது. ஆனால் 198-ஐ 400-க்கு மேல் கொண்டுபோக வேண்டும். அதற்கு வழி இருக்கிறது.

முதலாவது, தீவனம். அரை ஏக்கர் கோ-5 கம்பு நேப்பியர் தீவனப் புல் மூன்று நான்கு மாட்டுக்குத் தாங்கும். நட்டு 75, 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. முற்றவிட்டு அறுத்தால் மாடு தண்டைத் தின்னாமல் ஒதுக்கிவிடும். புல் மட்டும் போதாது, புரதத்துக்கு வேலிமசால் நாலு பாத்தியும் வரப்பில் அகத்தியும் வேண்டும். பயறுவகைத் தீவனம் சேரும்போது அடர்தீவனத்தைக் குறைக்க முடியும். அடர்தீவனத்தையும் வீட்டிலேயே கலக்கலாம். நூறு கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 40, புண்ணாக்கு 27, தவிடு 30, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1. மானாவாரி ஏக்கரில் மக்காச்சோளம் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நன்றாகக் காயவைத்தே மூட்டை கட்டுங்கள். பூஞ்சணம் பிடித்த சோளம் மாட்டின் ஈரலைக் கெடுக்கும், பாலிலும் நஞ்சு இறங்கும்.

இரண்டாவது, சினை. கன்று ஈன்று 60 முதல் 90 நாளுக்குள் மறுபடி சினை ஊசி போட்டாக வேண்டும். சினைப்பருவம் 21 நாளுக்கு ஒருமுறை. ஒன்றைத் தவறவிட்டால் மூன்று வாரத் தீவனம் வீண். மாடு விடாமல் கத்தும், தீனி குறையும், மற்ற மாடு ஏறினால் நகராமல் நிற்கும், வாலுக்குக் கீழ் கண்ணாடிபோலத் தெளிவான வழும்பு தொங்கும். காலையில் பார்த்தால் அன்று மாலை ஊசி, மாலையில் பார்த்தால் மறுநாள் காலை. கட்டுத்தறிச் சுவரில் ஒரு நாட்காட்டியை மாட்டி, ஒவ்வொரு மாட்டின் பெயருக்கும் தேதி எழுதுங்கள். ஊசி போட்ட 21-ஆம் நாள் மறுபடி அறிகுறி வருகிறதா என்று அதிகாலையிலும் இரவிலும் நின்று பாருங்கள். மூன்றாம் மாதம் மருத்துவரை வைத்துச் சினையை உறுதிசெய்யுங்கள். கன்று ஈனுவதற்கு 60 நாள் முன்னால் கறவையை நிறுத்துங்கள்.

மூன்றாவது, பாலின் தரம். ஆவின் சங்கமானாலும் தனியார் பால் நிலையமானாலும் விலை கொழுப்புச் சத்தையும் இதர சத்துகளையும் வைத்துத்தான். 2023 டிசம்பரிலிருந்து ஆவின் தரும் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை உங்கள் கணக்கில் தனியாக ஏறுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வேளையும் சங்கத்தில் கொடுக்கும் சீட்டை எடுத்துவையுங்கள். கொழுப்பு இறங்கினால் பெரும்பாலும் உலர்தீவனம் போதவில்லை, அல்லது மடியில் பால் மிச்சமாகிறது. கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அவசரமாகக் கறந்து எழுந்தால் அது மடியிலேயே நின்றுவிடும். மடிநோய்க்கும் அதுவே வழி. கறந்து முடித்தவுடன் காம்புத் துளை சிறிது நேரம் திறந்திருக்கும், அப்போது மாடு சாணியில் படுத்தால் கிருமி உள்ளே போகும். அதனால் கறந்தவுடன் தீனி போட்டு அரை மணி நேரம் நிற்கவையுங்கள்.

கொஞ்சம் பாலை நேரடியாக வீடுகளுக்கு ஊற்ற முடிந்தால் லிட்டருக்குப் பத்து ரூபாயாவது கூடக் கிடைக்கும். எல்லாவற்றையும் அப்படிக் கொடுக்காதீர்கள். திருவிழா விடுமுறையில் அந்த வீடுகள் பூட்டியிருக்கும்போது பாலை ஏற்றுக்கொள்வது சங்கம்தான்.

சங்கத்தில் உறுப்பினராக மாட்டைப் பார்க்கிறவர் பெயரே இருக்கட்டும். அம்மா பார்க்கிறார் என்றால் அம்மா பெயர், பணமும் அவருடைய வங்கிக் கணக்குக்கு.

ஐந்தாம் படி: தென்னை

தென்னையில் பொறுமையும் உரமும் போதும் என்று நினைத்த காலம் 2016-இல் முடிந்தது. அந்த வருடம்தான் சுருள் வெள்ளை ஈ பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டது. ஓலையின் அடியில் வட்டச் சுருளாக முட்டையிட்டுச் சாற்றை உறிஞ்சும். கீழ் ஓலை முழுக்கக் கரும்பூஞ்சணம் படியும். பதறிப்போய் கடுமையான மருந்தை அடிப்பதுதான் இதில் பெரிய கெடுதல், ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற குட்டிக் குளவியும் சேர்ந்து செத்துவிடும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டும்பொறி, ஓலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, வேப்பெண்ணெய் என்பதோடு நிறுத்துங்கள். ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் இருக்கிறது, வாடல் நோய் மாதிரிச் சந்தேகம் எது வந்தாலும் ஓலையோடு போய்க் கேளுங்கள்.

காய்க்கும் மரத்துக்கு வருடத்துக்குத் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. இரண்டு பாகமாக்கி, மழையை ஒட்டி, மரத்திலிருந்து ஆறடி வட்டத்தில். பொட்டாஷில் கஞ்சம் பிடித்தால் காய் சிறுத்துவிடும்.

விற்பனைக்கு ஒரு வார்த்தை. மரத்தோடு குத்தகை விடுவது நிம்மதி, ஆனால் விலை ஏறும் வருடத்தில் லாபமெல்லாம் குத்தகைதாரருக்கு. நீங்களே வெட்டினால் உரித்த காய், கொப்பரை என்று இரண்டு வாய்ப்பும் கையில் இருக்கும். 2025-இல் அரவைக் கொப்பரைக்கு (எண்ணெய் ஆட்டும் கொப்பரை) அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாயாக இருந்தது. சந்தை விலை அதற்கு மேலே போகும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. சரியும்போதுதான் ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கொள்முதலுக்குப் பதியும் தேதி முக்கியமாகிறது. அங்கே நடக்கும் ஏலத்தில் விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. வாரம் ஒருமுறை ஏல விலையைக் குறித்துவந்தாலே தோட்டத்துக்கு வரும் வியாபாரியிடம் பேசும் பேச்சு மாறும்.

ஆறாம் படி: காய்கறியும் மண்டிச் சீட்டும்

சின்ன வெங்காயத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். விதைக்காய், அதாவது நடுவதற்கான வெங்காயம், ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ வேண்டும். விதைக்காய் கிலோ 50 ரூபாய் என்றால் நடுவதற்கு முன்பே 30,000 ரூபாய் மண்ணுக்குள். அதனால்தான் விதைக்காய் விலை உச்சத்தில் இருக்கும்போது நடக் கூடாது. அப்போது ஊரே நடும், அறுப்பும் ஒரே நேரத்தில் வரும். சொந்தப் பட்டறையில் விதைக்காய் வைத்திருப்பவருக்குத்தான் நடவு நேரத்தைத் தீர்மானிக்கும் சுதந்திரம்.

பட்டறை என்பது தரையிலிருந்து தூக்கிக் கட்டிய, நாலு பக்கமும் காற்றோடும் மேடை, மேலே தென்னங்கீற்று. வெங்காயத் தாளை நன்றாக வாடவிட்டு, காயாத காயைக் கழித்து, மழையில் நனைந்ததைச் சேர்க்காமல் அடுக்கினால் சில மாதம் தாங்கும். அறுத்ததில் பாதியை அன்றைய விலைக்குத் தள்ளி, பாதியைப் பட்டறையில் வைப்பது எனக்குப் பிடித்த வழி. விலை ஏறும் என்று முழுவதையும் அடைத்துவைப்பது சூதாட்டம்.

ஒட்டன்சத்திரம் மாதிரிப் பெரிய சந்தைக்கு அனுப்பினால் திரும்பி வரும் சீட்டைப் படிக்கப் பழகுங்கள். 50 கிலோ மூட்டை 40, எடை 2,000 கிலோ, விலை 30 ரூபாய், மொத்தம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் கமிஷன் பத்து சதவீதம் என்றால் 6,000. வண்டி வாடகை 2,500. ஏற்றி இறக்கும் கூலி மூட்டைக்கு 25 வீதம் 1,000. சாக்கு 600. கைக்கு வருவது 49,900. கிலோ 30 ரூபாய் என்று டீக்கடையில் பேசும் விலை உங்கள் வீட்டுக்கு 25 ரூபாய்கூட முழுசாக இல்லை. சீட்டில் எடை குறைந்தால் அன்றே போனில் கேளுங்கள். அதற்கு, மூட்டைகளைத் தோட்டத்திலேயே எடை போட்டு எழுதியிருக்க வேண்டும். மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்காமல் இருக்க முடிந்தால் வாங்காதீர்கள். முன்பணம் வாங்கியவருக்கு வேறு மண்டிக்குப் போகும் உரிமை போய்விடுகிறது.

பத்து இருபது சென்ட்டில் கீரை, வெண்டை, கத்தரி, அவரை என்று கலந்து வைத்தால் அதற்கு உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதலாவது தொடங்கியது. அடையாள அட்டை வாங்கிக்கொண்டால் கமிஷனும் இல்லை, கடை வாடகையும் இல்லை. ஆனால் விடியற்காலையில் ஒருவர் அங்கே உட்கார வேண்டும். அந்த ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஏழாம் படி: கடன், காப்பீடு, வரி

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க் கடனைத் தவணைக்குள் கட்டிவிட்டால் வட்டி இல்லை. வங்கியில் கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரை வட்டி 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம். பிணையில்லாக் கடன் வரம்பு 2025 ஜனவரி முதல் 2 லட்சம். இதைவிட மலிவான பணம் விவசாயிக்கு வேறெங்கும் இல்லை. தவணைத் தேதியைப் பணம் வரும் நாட்காட்டியில் சிவப்பு மையில் எழுதுங்கள், ஒரே ஒரு நாள் தவறினாலும் சலுகை போய்விடும். பயிர்க் கடனை எடுத்துக் கல்யாணம் செய்வது, பைக் வாங்குவது வேண்டாம். அடுத்த பட்டத்துக்கு உரம் வாங்கப் பணம் இருக்காது.

பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்ட வேண்டிய பங்கு காரீஃப் (மழைக்காலப் பருவம்) உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு (குளிர்காலப் பருவம்) 1.5, தோட்டக்கலை, பணப்பயிருக்கு 5. ஆலங்கட்டி மழை போன்ற உள்ளூர்ச் சேதமென்றால் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். படம் எடுங்கள், தேதியும் இடமும் தெரியும்படி.

விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் வாங்கிவிடுங்கள். வருடம் 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசானில் தொடங்கி எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். தமிழ்நாடு அரசின் உழவன் கைபேசிச் செயலியில் மானியத் திட்டங்களையும் வேளாண் பொறியியல் துறை வாடகை இயந்திரங்களையும் பார்க்கலாம். ஐந்து ஏக்கருக்குச் சொந்த டிராக்டர் எந்தக் கணக்கிலும் கட்டுபடியாகாது. வாடகைக்கு எடுங்கள். களை எடுக்கும் பவர் வீடர் ஒன்றும் புல் நறுக்கும் இயந்திரம் ஒன்றும் சொந்தமாக இருந்தால் போதும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை, ஆனால் பால், கோழி வருமானம் சட்டப்படி விவசாய வருமானத்தில் சேராது. மூன்று மாட்டுக்குக் கவலை வேண்டாம். பண்ணை பெருகினால் கணக்கு தனியாக இருக்கட்டும்.

எட்டாம் படி: ஒரே ஒரு கணக்கு நோட்டு

பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. நீளமான நோட்டு, ஒவ்வொரு பயிருக்கும் மாட்டுக்கும் தனிப் பக்கம். இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு. செலவில் வீட்டாள் வேலையை மணிக்கணக்கில் எழுதி, ஊர்க் கூலி விலையைப் போட்டுவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஆகும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும், குடும்பம் எப்படி நடக்கிறது என்று அதற்கும் புரியும். பண்ணைக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒன்று. மாதம் இவ்வளவு என்று பண்ணைக் கணக்கிலிருந்து வீட்டுக்கு மாற்றுங்கள்.

வருடக் கடைசியில் ஒவ்வொரு பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். தொடர்ந்து மூன்று வருடம் வீட்டாள் கூலியைக்கூடத் தராத பயிரை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், நிறுத்துங்கள்.

ஒன்பதாம் படி: ஓய்வும் அடுத்த தலைமுறையும்

மாடு இருக்கும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு பேசி வையுங்கள், அவர்கள் போகும்போது நீங்கள் கறக்க, நீங்கள் போகும்போது அவர்கள். கறவைப் பழக்கம் மாட்டுக்கும் ஆளுக்கும் முன்னாலேயே ஏற்பட வேண்டும், புது ஆள் கை பட்டால் சில மாடு பால் இறக்காது. இடுப்பு வலியோடு பத்து வருடம் சாணி அள்ளியவரைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஏற்பாடு இல்லாமல் மாட்டு எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்.

படித்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பும் மகனோ மகளோ முதல் வருடத்திலேயே சம்பளம் வாங்க வேண்டும். "எல்லாம் உனக்குத்தானே" என்று சொல்லி, செலவுக்கு அப்பாவிடம் கைநீட்ட வைத்தால் இரண்டாவது வருடம் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். மருமகள் மாட்டைப் பார்த்தால் அவருக்கும் அதே நியாயம்தான்.

பொறுப்பைக் கொடுக்கும்போது ஒரு பகுதியை முழுசாகக் கொடுங்கள். காய்கறி ஒரு ஏக்கர் அவர்களுடையது என்றால் எதை நடுவது, எந்த மண்டிக்கு அனுப்புவது, எந்த விலைக்குக் கொடுப்பது எல்லாம் அவர்கள் முடிவு. நோட்டில் அந்தப் பக்கமும் அவர்கள் கையெழுத்தில் இருக்கட்டும். ஒரு பட்டம் நஷ்டமானால் அதைத் தாங்கும் தொகையைப் பண்ணைக் கணக்கில் முன்பே ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அடுத்த பட்டத்துக்கு விதைக்காய் வாங்கப் போகும்போது அவர்களே கூப்பிட்டால் கூடப் போங்கள். மூன்றாவது வருடம் மாட்டுக் கணக்கையும், அதன்பிறகு தென்னையையும் கொடுங்கள். கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டையையும் கடன் அட்டையையும் அவர்கள் பெயருக்கு மாற்றும் வேலையை, நீங்கள் கூட நடந்து அலுவலகம் ஏற முடிகிற வயதிலேயே முடித்துவிடுங்கள்.